சென்னை – ஜித்தா: வான்வழித் தூரம் எவ்வளவு? பயண நேரம் எவ்வளவு? உம்ரா பயணிகள் அறிய வேண்டிய கணக்கு

உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ செல்ல நாடியவர்கள் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு எத்தனை மணி நேரம்?" என்பது. இணையத்தில் தேடினால் ஐந்தரை மணி நேரம் என்று ஒரு விடை வரும். அந்த எண்ணை நம்பித்தான் வயதான தாய் தந்தையருக்குப் பயணச்சீட்டு எடுக்கிறோம், மாத்திரை எடுத்து வைக்கிறோம், எங்கே இஹ்ராம் கட்டுவது என்று முடிவு செய்கிறோம்.

ஆனால் அந்த எண் சொல்வது விமானம் வானில் இருக்கும் நேரத்தை மட்டும்தான். வீட்டு வாசலிலிருந்து ஹரம் ஷரீஃப் வரையிலான பயணம் அதைப் போல நான்கு மடங்கு ஆகலாம். இந்த வித்தியாசம் தெரியாததால் சிரமப்பட்டவர்கள் பலர். மீக்காத்தைத் தவறவிட்டவர்களும் உண்டு. எனவே தூரத்தையும் நேரத்தையும் ஒவ்வொன்றாகப் பிரித்து இங்கே தருகிறோம்.

சுருக்கமான விடை

- சென்னை விமான நிலையத்திலிருந்து ஜித்தா மன்னர் அப்துல் அஸீஸ் சர்வதேச விமான நிலையம் வரை நேர்கோட்டு வான்வழித் தூரம்: சுமார் 4,450 கி.மீ. (ஏறக்குறைய 2,760 மைல், 2,400 கடல் மைல்).
- நேரடி விமானத்தில் செல்லும் நேரம்: சுமார் ஐந்தே முக்கால் முதல் ஆறேகால் மணி நேரம்.
- திரும்பி வரும் நேரம்: சுமார் ஐந்தேகால் முதல் ஐந்தே முக்கால் மணி நேரம்.
- இடையில் ஒரு விமான நிலையத்தில் மாறிச் சென்றால்: பெரும்பாலும் பத்து மணி நேரத்துக்கு மேல்.
- நேர வித்தியாசம்: சவூதி நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்னால்.
- ஜித்தா விமான நிலையத்திலிருந்து மக்கா: சாலை வழியாக சுமார் 100 கி.மீ.

விமானம் எந்த வழியாகச் செல்கிறது?

சென்னையிலிருந்து பார்த்தால் ஜித்தா மேற்கே, சற்று வடக்கே சாய்ந்த திசையில் இருக்கிறது. விமானம் கர்நாடகத்தைக் கடந்து அரபிக் கடலுக்கு மேலே செல்லும். பிறகு ஓமன் கரையைத் தொட்டு, ரப்உல் காலீ எனும் பெரும் பாலைவனத்தின் பக்கமாகச் சவூதிக்குள் நுழையும். தாயிஃப் மலைப்பகுதியைத் தாண்டி செங்கடல் கரையில் உள்ள ஜித்தாவில் இறங்கும். எல்லா விமானங்களும் ஒரே கோட்டில் செல்வதில்லை. வான்வெளிக் கட்டுப்பாடு, வானிலை, நெரிசல் ஆகியவற்றுக்கு ஏற்பப் பாதை சற்று வளையும். வளைகுடாப் பகுதியில் பதற்றம் ஏற்பட்டு வான்வெளி மூடப்படும் நாட்களில் சுற்றுப்பாதையால் நேரம் கூடும்.

இதே தூரத்தை நம் முன்னோர் கப்பலில் கடந்தார்கள். தமிழகத்திலிருந்து ரயிலேறி மும்பை சென்று, அங்கே காத்திருந்து, கப்பலில் ஒரு வாரத்துக்கும் மேல் கடலில் கழித்து ஜித்தா துறைமுகத்தில் இறங்குவார்கள். மும்பை – ஜித்தா ஹஜ் கப்பல் பயணம் 1995ஆம் ஆண்டோடு நின்றுபோனது. அன்று வாரக்கணக்கில் இருந்தது இன்று மணிக்கணக்கில் முடிகிறது. ஆனால் பயணம் சுருங்கியதால் சில விஷயங்களுக்கு அவகாசமும் சுருங்கிவிட்டது. அதைக் கீழே விளக்குகிறோம்.

நேரம் ஏன் நாளுக்கு நாள் மாறுகிறது?

பயணிகள் விமானம் உயரத்தில் மணிக்கு சுமார் 830 முதல் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். 4,450 கி.மீ.யை 850ஆல் வகுத்தால் ஐந்தேகால் மணி நேரம் வரும். இணையத்தில் காணப்படும் பல கணக்குகள் இப்படித்தான் போடப்படுகின்றன. ஆனால் பயணச்சீட்டில் அச்சிடப்படும் நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி மறுமுனையில் நிற்பது வரை உள்ள நேரம். ஓடுபாதைக்குக் காத்திருப்பது, மெதுவாக மேலே ஏறுவது, இறங்குமுன் வரிசையில் சுற்றுவது எல்லாம் அதில் சேரும். இதனால்தான் ஐந்தேகால் ஆறாகிறது.

அடுத்தது காற்று. குளிர்காலத்தில் மேல்வானில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று வலுப்பெறும். ஜித்தா செல்லும் விமானத்துக்கு அது எதிர்க்காற்று, சென்னை திரும்பும் விமானத்துக்குப் பின்காற்று. ஆகவே டிசம்பர், ஜனவரி மாதங்களில் போகும்போது நேரம் கூடும், வரும்போது குறையும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நிலைமை வேறு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேல்வானில் கிழக்கிலிருந்து மேற்கே பலத்த காற்று வீசும். அப்போது இரு பயணத்துக்கும் இடையிலான வித்தியாசம் குறைந்துவிடும். "போன முறை ஐந்தே முக்காலில் போனோமே" என்று கணக்கு வைத்துக்கொண்டு அதன்படியே இம்முறையும் திட்டமிட வேண்டாம். அரை மணி நேரம் முன்பின் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரக் குழப்பம்

பயணச்சீட்டில் புறப்படும் நேரம் அந்த ஊர் நேரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊர் நேரப்படியும் இருக்கும். சென்னையில் மாலை 4 மணிக்குப் புறப்பட்டு இரவு 7.30க்கு ஜித்தா சேரும் என்று போட்டிருந்தால் பயணம் மூன்றரை மணி நேரம் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அது ஆறு மணி நேரம். ஜித்தாவில் 7.30 என்றால் நம் ஊரில் இரவு 10 மணி.

திரும்பி வரும்போது இதற்கு நேர்மாறு. ஜித்தாவில் இரவு 11 மணிக்குப் புறப்பட்டால் சென்னையில் காலை 7 மணி அளவில் இறங்குவீர்கள். பார்வைக்கு எட்டு மணி நேரம். உண்மையில் ஐந்தரைதான். அழைத்துச் செல்ல வருபவர்கள் தேதியையும் கவனிக்க வேண்டும். விமானம் புறப்படும் தேதி வேறு, சென்னையில் இறங்கும் தேதி வேறு.

நேரடி விமானமா? மாறிச் செல்லும் விமானமா?

சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு நேரடி விமானம் எந்தெந்த நாட்களில் உண்டு என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். மற்ற நாட்களில் துபாய், மஸ்கட், ரியாத், தோஹா, பஹ்ரைன், கொழும்பு போன்ற ஊர்களில் மாறிச் செல்ல வேண்டும்.

துபாய் வழியை எடுத்துக்கொள்வோம். சென்னை – துபாய் சுமார் 2,930 கி.மீ., துபாய் – ஜித்தா சுமார் 1,700 கி.மீ. மொத்தம் 4,630 கி.மீ. நேர்வழியைவிட 180 கி.மீ. மட்டுமே அதிகம். ஆனால் நேரம்? முதல் விமானத்துக்கு நான்கேகால் மணி நேரம், காத்திருப்பு குறைந்தது இரண்டு மூன்று மணி நேரம், இரண்டாவது விமானத்துக்கு மூன்று மணி நேரம். பத்து மணி நேரம் தாண்டிவிடும். தூரத்தில் நூற்றுக்கு நான்குதான் கூடுகிறது, நேரமோ ஏறக்குறைய இரு மடங்கு. காத்திருப்பு எட்டு, பத்து மணி நேரம் என்றால் ஒரு முழு நாள் போய்விடும்.

மஸ்கட் வழி இன்னும் நேரானது, மொத்தம் சுமார் 4,560 கி.மீ. கொழும்பு வழி எதிர்த்திசையில் இறங்கி ஏறுவதால் 5,300 கி.மீ. ஆகும். ஆகவே பயணக்குழுவினர் "வழியில் ஒரு இடத்தில் நிற்கும், அவ்வளவுதான்" என்று சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த ஊரில்? எத்தனை மணி நேரம்? பெட்டி நேராக ஜித்தா போய்விடுமா, நாமே எடுத்து மறுபடி போட வேண்டுமா?

இளவயதினருக்குச் சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பெரிதாக இருக்கலாம். முழங்கால் வலியுள்ள 70 வயதுத் தாயாருக்கு அந்தப் பெரிய விமான நிலையத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பது உம்ராவின் ஸஃயுக்கு முன்பே ஒரு ஸஃயு ஆகிவிடும். அவர்களுக்கு நேரடி விமானம் கிடைக்கும் தேதியைப் பார்த்துப் பயணத்தை ஒரு வாரம் தள்ளி வைப்பதுகூட நல்லதே.

எந்த ஊர்க்காரருக்கு எந்த விமான நிலையம்?

ஜித்தாவுக்கு உள்ள நேர்கோட்டுத் தூரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்:

- கோழிக்கோடு: சுமார் 4,080 கி.மீ.
- கொச்சி: சுமார் 4,170 கி.மீ.
- பெங்களூர்: சுமார் 4,180 கி.மீ.
- திருவனந்தபுரம்: சுமார் 4,290 கி.மீ.
- திருச்சி: சுமார் 4,380 கி.மீ.
- சென்னை: சுமார் 4,450 கி.மீ.
- கொழும்பு (கட்டுநாயக்க): சுமார் 4,650 கி.மீ.

தமிழக முஸ்லிம்கள் எல்லோருக்கும் சென்னைதான் அருகில் என்பதில்லை. கடையநல்லூர், தென்காசி, மேலப்பாளையம் மக்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம். கோவை, பொள்ளாச்சி மக்களுக்குக் கொச்சியும் கோழிக்கோடும் பக்கம். ஆம்பூர், வாணியம்பாடி மக்களுக்குச் சென்னையும் பெங்களூரும் ஏறக்குறைய ஒரே தொலைவு. நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் மக்களுக்குத் திருச்சி அருகில் இருந்தாலும், அங்கிருந்து பெரும்பாலும் வேறு ஊர் மாறியே ஜித்தா செல்ல வேண்டியிருக்கும்.

வான்வழித் தூரத்தை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 2022ஆம் ஆண்டு ஹஜ் ஒரு பாடம். கொரோனாவுக்குப் பின் புறப்பாட்டு மையங்கள் குறைக்கப்பட்டிருந்தன. சென்னை அந்தப் பட்டியலில் இல்லாததால் தமிழக ஹாஜிகள் கொச்சியிலிருந்து புறப்பட வேண்டியிருந்தது. வரைபடத்தில் கொச்சி ஜித்தாவுக்கு 280 கி.மீ. அருகில்தான். ஆனால் சென்னையிலிருந்து கொச்சிக்குத் தரைவழியாக ஏறக்குறைய 700 கி.மீ., ரயிலில் ஓர் இரவு முழுவதும் ஆகும். வழியனுப்ப வரும் குடும்பத்தாருக்கும் அதே அலைச்சல். 2023இல் சென்னை மீண்டும் புறப்பாட்டு மையமானபோது மக்கள் அடைந்த நிம்மதி சிறிதல்ல. வானில் மிச்சமாகும் சுமார் இருபது நிமிடத்தைவிடத் தரையில் கூடும் பத்து மணி நேரமே பயணியைக் களைக்க வைக்கும்.

மீக்காத்: தவறவிடக் கூடாத நேரம்

இந்தக் கட்டுரையின் மிக முக்கியமான பகுதி இது.

ஹஜ் அல்லது உம்ரா நிய்யத்தோடு செல்பவர் மீக்காத் எல்லையை இஹ்ராம் இல்லாமல் கடக்கக் கூடாது. கப்பல் காலத்தில் இந்தியாவிலிருந்து சென்றவர்கள் தெற்கிலிருந்து செங்கடலுக்குள் நுழைந்தார்கள். அவர்களுக்கு யலம்லம் மீக்காத்தாக இருந்தது. அதற்கு நேராகக் கப்பல் வரும்போது அறிவிப்பு செய்வார்கள். குளித்து, தொழுது, நிதானமாக இஹ்ராம் கட்ட நேரம் இருந்தது. இன்றும் நம் வீட்டுப் பெரியவர்கள் யலம்லம் என்றே சொல்வது அதனால்தான்.

விமானம் வருவதோ கிழக்கிலிருந்து, தாயிஃப் பக்கமாக. அந்தத் திசையில் உள்ள மீக்காத் கர்னுல் மனாஸில். அஸ்ஸைலுல் கபீர் என்று இன்று அழைக்கப்படும் இடம் அது. அங்கிருந்து ஜித்தா விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 130 கி.மீ. இறங்கத் தொடங்கிவிட்ட விமானம் அதைக் கடந்து தரையிறங்க ஏறக்குறைய 20 முதல் 30 நிமிடம்தான் ஆகும். மீக்காத்தைக் கடக்கும் நேரமோ சில நொடிகள். அந்த நேரத்தில் இருக்கைப் பட்டையைக் கட்டச் சொல்லியிருப்பார்கள். கழிவறைக்கு எழுந்து போக முடியாது. உடை மாற்றுவது நடவாத காரியம்.

எங்களுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவோடு உம்ராவுக்குச் சென்றார். இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டியில் வைத்து, சரக்கோடு அனுப்பிவிட்டார். "ஜித்தாவில் இறங்கியதும் மாற்றிக்கொள்ளலாம்" என்று குழுவில் யாரோ சொன்னதை நம்பினார். இறங்கிய பிறகுதான், மீக்காத்தைத் தாண்டி வந்துவிட்டது அவருக்குத் தெரிந்தது. மீக்காத்துக்குத் திரும்பிச் சென்று இஹ்ராம் கட்டி வரவேண்டும், இல்லையேல் தம் கொடுக்க வேண்டும் என்று ஆலிம்கள் சொன்னார்கள். பல வருடம் காசு சேர்த்துப் போனவர், முதல் நாளே கண்கலங்கி நின்றார்.

இதைத் தவிர்க்க எளிய வழிகள்:

1. இஹ்ராம் துணி, இடுப்புப் பட்டை, தையல் பற்றிய விதிக்கு ஏற்ற செருப்பு மூன்றையும் கைப்பையில் வையுங்கள். சரக்குப் பெட்டியில் வைக்க வேண்டாம்.

2. நேரடி விமானம் என்றால் குளித்து, துணியை வீட்டிலோ சென்னை விமான நிலையத்திலோ அணிந்துகொள்ளுங்கள். மாறிச் செல்லும் விமானம் என்றால் இடைநிலைய விமான நிலையத்தில் அணியலாம். அங்கிருந்து ஜித்தாவுக்குப் பயணம் இரண்டு, மூன்று மணி நேரம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

3. துணி அணிவது வேறு, நிய்யத்தும் தல்பியாவும் வேறு. துணியை முன்னதாகவே அணிந்துகொண்டு, நிய்யத்தை மீக்காத்துக்குச் சற்று முன் வானில் வைக்கலாம். விமானம் தாமதமானாலோ ரத்தானாலோ இஹ்ராமின் கட்டுப்பாடுகளோடு ஊரில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க இது உதவும்.

4. விமானத்தில் அறிவிப்பு வரும் என்று அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். எல்லா நிறுவனங்களும் அறிவிப்பதில்லை. அறிவித்தாலும் உறக்கத்தில் கேட்காமல் போகலாம். தரையிறங்கும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பாகக் கைபேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள். அப்போதே எழுந்து உளூ செய்து தயாராகி, தரையிறங்க முக்கால் மணி நேரம் இருக்கும்போது நிய்யத் வைத்தால் பேணுதலாக இருக்கும். மீக்காத்துக்குச் சற்று முன்பே நிய்யத் வைப்பதால் குற்றமில்லை, பின்பு வைப்பதில்தான் சிக்கல்.

5. முதலில் மதீனா செல்பவர்களுக்கு விமானத்தில் இஹ்ராம் தேவையில்லை. மதீனாவிலிருந்து மக்கா புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் (அபியார் அலீ) இஹ்ராம் கட்டுவார்கள். சென்னையிலிருந்து மதீனா விமான நிலையத்தின் தூரமும் சுமார் 4,430 கி.மீ.தான். அதாவது ஜித்தாவும் மதீனாவும் நமக்கு ஏறக்குறைய ஒரே தொலைவு. ஜித்தாவில் இறங்கி முதலில் மதீனா செல்லும் திட்டம் என்றால், புறப்படும் முன் உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

வானில் தொழுகை, கிப்லா, நோன்பு

தூரம் 4,450 கி.மீ. என்பதால் எந்த மத்ஹபின் அளவுப்படி பார்த்தாலும் இது பயணம்தான். கஸ்ர் செய்வதிலும், இரண்டு தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவதிலும் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கு இடையே சட்ட வேறுபாடு உண்டு. அதைப் புறப்படும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் இங்கே சொல்ல வருவது நேரத்தைப் பற்றி.

மேற்கே போகும்போது விமானம் சூரியனைத் துரத்திக்கொண்டு செல்கிறது. ஜனவரி நடுவில் சென்னையில் மாலை 6 மணி அளவில் சூரியன் மறையும். அன்று மாலை 4 மணிக்குப் புறப்பட்ட விமானத்தில் இருப்பவருக்குச் சூரியன் மறைய இந்திய நேரப்படி ஏறக்குறைய 8 மணி ஆகிவிடும். கைக்கடிகாரம் 6 காட்டுகிறதே என்று மஃரிப் தொழுதுவிடக் கூடாது. நோன்பாளி நோன்பைத் திறந்துவிடவும் கூடாது. விமானம் இருக்கும் இடத்தில் சூரியன் மறைந்ததா என்பதே கணக்கு. உயரத்தில் இருப்பதால் தரையில் இருப்பவரைவிடப் பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாகச் சூரியன் கண்ணுக்குத் தெரியும். ஜன்னல் வழியே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பகல் இரண்டு மணி நேரம் நீளும் என்பதால் நோன்போடு செல்ல விரும்புபவர், பயணிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையையும் தம் உடல்நிலையையும் யோசித்து முடிவெடுப்பது நல்லது.

திரும்பி வரும்போது இரவு சுருங்கிவிடும். ஜித்தாவில் இரவு 11 மணிக்குப் புறப்படும் விமானத்தில் ஃபஜ்ர் நேரம் தொடங்குவதும் முடிவதும் வானிலேயே நடந்துவிடும். சென்னையில் இறங்கித் தொழலாம் என்று தூங்கிவிட்டால் சூரியன் உதித்திருக்கும். உம்ராவை முடித்துத் திரும்பும் களைப்பில் பலருக்கு இந்தத் தொழுகை தவறிவிடுகிறது. இதற்கும் கைபேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள்.

கிப்லாவைப் பொறுத்தவரை ஓர் அழகான பொருத்தம் உண்டு. சென்னையிலிருந்து கிப்லா திசையும் ஜித்தாவின் திசையும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே போகும் பயணத்தின் பெரும்பகுதியில் விமானத்தின் முன்பக்கமே கிப்லாப் பக்கம். திரும்பும்போது வால்பக்கம். பாதை வளையும் இடங்களில் இருக்கைத் திரையில் உள்ள வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஜித்தாவில் இறங்கியதும் கவனம் தேவை. ஜித்தா மக்காவுக்கு மேற்கே இருக்கிறது. ஆகவே அங்கே கிப்லா கிழக்குப் பக்கம். வாழ்நாள் முழுவதும் மேற்கு நோக்கித் தொழுத நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது புதிதாக இருக்கும்.

ஜித்தாவிலிருந்து மக்காவுக்கும் மதீனாவுக்கும்

ஜித்தா விமான நிலையம் 1981இல் திறக்கப்பட்டது. கூடாரங்களைப் போன்ற கூரையுடைய ஹஜ் முனையம் உலகப் புகழ் பெற்றது. அதன் கட்டமைப்பை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்தவர் வங்காளத்தைச் சேர்ந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். உம்ரா பயணிகள் பெரும்பாலும் முதலாம் முனையத்திலோ வடக்கு முனையத்திலோ இறங்குவார்கள். எந்த முனையம் என்பதைப் பயணச்சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். முனையங்களுக்கு இடையே நடந்து செல்ல இயலாது.

குடிநுழைவுச் சோதனை, பெட்டி எடுப்பது ஆகியவற்றுக்கு ஒரு மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். ரமளானில் இன்னும் கூடும். அங்கிருந்து மக்காவுக்குப் பேருந்தில் ஒன்றேகால் முதல் இரண்டு மணி நேரம். ஹரமைன் அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். மக்காவையும் மதீனாவையும் இணைக்கும் இந்த 450 கி.மீ. ரயில் பாதை 2018 அக்டோபரில் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. மணிக்கு 300 கி.மீ. வரை வேகம் செல்லும். ஜித்தா விமான நிலையத்தில், முதலாம் முனையத்தை ஒட்டியே இதற்கு நிலையம் உண்டு. மக்கா நிலையம் ஹரமை ஒட்டி இல்லை, சில கி.மீ. தள்ளி ருஸைஃபா பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து வாடகைக் காரோ பேருந்தோ பிடிக்க வேண்டும். மக்காவிலிருந்து மதீனாவுக்கு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம், பேருந்தில் ஐந்து, ஆறு மணி நேரம்.

வீட்டு வாசலிலிருந்து ஹரம் வரை: ஒரு முழுக் கணக்கு

மேலப்பாளையத்திலிருந்து ஒரு குடும்பம் சென்னை வழியாக நேரடி விமானத்தில் உம்ராவுக்குச் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

- ரயிலில் சென்னை: 10 முதல் 12 மணி நேரம்
- ரயில் நிலையத்திலிருந்து விமான நிலையம், முன்கூட்டியே சென்று காத்திருப்பது: 4 முதல் 5 மணி நேரம்
- விமானம்: 6 மணி நேரம்
- ஜித்தாவில் சோதனை, பெட்டி: 1 முதல் 2 மணி நேரம்
- மக்கா வரை பேருந்து, தங்குமிடம்: 2 மணி நேரம்

மொத்தம் 23 முதல் 27 மணி நேரம். அதன் பிறகுதான் உம்ரா தொடங்குகிறது. தவாஃபும் ஸஃயும் சேர்ந்து பல கி.மீ. நடை. அதனால்தான் அறையில் சில மணி நேரம் ஓய்வெடுத்துவிட்டு உம்ரா செய்யுங்கள் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்கிறார்கள். இஹ்ராமில் இருந்தபடியே ஓய்வெடுக்கலாம், தடையில்லை. முடிந்தால் சென்னையில் உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்கிவிட்டுப் புறப்படுங்கள். அந்த ஓர் இரவு முதியவர்களுக்குப் பெரும் உதவி.

முதியோருக்கும் நோயாளிகளுக்கும்

- சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகள், இன்சுலின் அனைத்தையும் மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். குறைந்தது மூன்று நாளைக்கு உரியவை கையில் இருக்கட்டும். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் வைத்தால் குளிரில் கெட்டுப்போகலாம்.
- இரண்டரை மணி நேர வித்தியாசத்தால் மாத்திரை, ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.
- ஆறு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பது கால்களில் இரத்தம் உறையக் காரணமாகலாம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும். கழிவறைக்குப் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டாம்.
- சக்கர நாற்காலி தேவை என்றால் பயணச்சீட்டு எடுக்கும்போதே பதிவு செய்யுங்கள். மாறிச் செல்லும் பயணம் என்றால் மூன்று விமான நிலையங்களுக்கும் அது பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள்.
- தனியாகச் செல்லும் முதியவரின் கையில் குழுத் தலைவரின் எண்ணும் தங்குமிடத்தின் பெயரும் அரபியில் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

முடிவாக

சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே 4,450 கி.மீ. என்பது மாறாத கணக்கு. ஆறு மணி நேரம் என்பது விமானத்தின் கணக்கு. பயணியின் கணக்கு ஒரு முழு நாள். பயணச்சீட்டு எடுக்கும் முன் ஒரு தாளில் வீட்டு வாசலிலிருந்து ஹரம் வரை மணி மணியாக எழுதிப் பாருங்கள். எங்கே சாப்பாடு, எங்கே மாத்திரை, எங்கே தொழுகை, எந்த நேரத்தில் நிய்யத் என்று அதில் குறியுங்கள். அந்தத் தாளின் ஒரு பிரதியை உங்கள் தாய் தந்தையர் கையிலும் கொடுங்கள்.

இந்தப் பயணத்துக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தவர்களின் முதல் நாள் பதற்றமின்றி அமைய இந்தக் கணக்கு உதவினால் அதுவே எங்களுக்கு மகிழ்ச்சி. நாடியவர்கள் அனைவருக்கும் அல்லாஹ் அந்தப் புனிதப் பயணத்தை இலேசாக்கி வைப்பானாக. ஆமீன்.